மங்கிய முகப்பு விளக்கு

மோட்டார் வண்டியோடு வந்த முகப்பு விளக்கு இரவில் போதிய ஒளி தருவதில்லை என்று பலர் குறைப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். 60 வாட் பல்பை அகற்றிவிட்டு 100 வாட் பல்பைப் பொருத்தினால் குறை தீர்ந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். இது சரிதானா என்பதை, நாம் பள்ளியில் கற்ற பௌதிகத்தின் துணைகொண்டு ஆராய்வோம்.

இன்றும் பல வண்டிகளில் இருப்பது எச்-4 என்னும் ஹாலஜன் பல்பு. அதனுள் டங்ஸ்டன் இழைகள் இரண்டு உள்ளன. தொலைவில் ஒளி வீசுவது 60 வாட் இழை. எதிரே வருவோர் கண் கூசாதவாறு தாழ்வாக ஒளி வீசுவது 55 வாட் இழை.

எஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 14 வோல்ட்டு இருக்கிறது என்று கொள்வோம். மின்சாரம் ப்யூஸ், ஸ்விட்ச், நீண்ட கம்பிகள் யாவற்றையும் கடந்து பல்பை அடைந்து, வண்டியின் உடல் வழியே திரும்புகிறது. மெல்லிய கம்பியும் துருவேறிய இணைப்பும் வழியிலேயே சிறிது அழுத்தத்தை விழுங்கிவிடுகின்றன. பல்புக்கு 12.6 வோல்ட்டே கிடைத்தால், குறைந்தது நூற்றுக்குப் பத்துத்தான். ஆனால் ஒளியோ நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது குறைந்துவிடும்! இழையின் வெப்பநிலை சிறிது தாழ்ந்தாலும், அது வெளியிடும் கதிர்களில் கண்ணுக்குப் புலனாகும் பகுதி பெரிதும் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

இந்நிலையில் 100 வாட் பல்பைப் பொருத்தினால் என்ன நேரும்? 12 வோல்ட்டுக் கணக்கில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. 100 வாட் பல்போ 8 ஆம்பியருக்கும் மேல் இழுக்கிறது. கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வதால், அது ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ஓம் விதிப்படி வழியில் இழக்கும் அழுத்தமும் மிகுகிறது. காசு கொடுத்து வாங்கிய ஒளியில் ஒரு பகுதி கம்பியைச் சூடாக்கவே செலவாகிறது. ஹோல்டர் உருகவும், ஸ்விட்ச் கருகவும் கூடும்.

ஆகவே முதலில் செய்யத்தக்கது சோதனை. விளக்கை எரியவிட்டு, பாட்டரியிலும் பல்பின் முனைகளிலும் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். வேறுபாடு மிகுதியாயின், இணைப்புகளைச் சுத்தம் செய்து, பாட்டரியிலிருந்து தடித்த கம்பியை ப்யூஸ், ரிலே ஆகியவற்றின் வழியே பல்புக்குக் கொண்டுவருதல் நலம். அப்போது பழைய ஸ்விட்ச் ரிலேயை இயக்கினால் போதும். பெரிய மின்னோட்டத்தைச் சுமக்க வேண்டியதில்லை. முகப்பை மூடிய பாலிகார்பனேட் வெயிலால் மஞ்சளித்திருந்தால் அதையும் மெருகேற்ற வேண்டும். பழைய பல்புக்குப் பதில் அதே வாட் அளவுள்ள புதியதைப் பொருத்துகையில், கண்ணாடியை விரலால் தொடலாகாது; தோலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகச் சூடேறிப் பல்பின் ஆயுளைக் குறைக்கும்.

எல்.இ.டி. பல்பை அதே கூட்டில் செருகலாமே என்று சிலர் கேட்பர். விளக்கின் குழியாடி, இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு அமைக்கப்பட்டது. தாழ்வொளி இழையின் கீழே ஒரு சிறு மறைப்பும் உண்டு. ஒளி மேல்நோக்கிச் சிதறாமல் காப்பது அதுவே. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறினால் இந்த ஒழுங்கு குலைந்து, ஒளி எதிரே வருவோர் கண்ணில் பாயும்.

எதிரே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் மூன்று விநாடி கண் கூசினார் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் அவர் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டருக்குள் சாலையோரம் நடந்து செல்பவர் ஒருவர் இருக்கலாம். ஆதலால் எந்தப் பல்பைப் பொருத்தினாலும், விளக்கின் சாய்வைச் சுவரின்மீது ஒளியை விழச்செய்து சரிபார்த்த பின்னரே வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.