மொழி வகுப்பில் கணினி

கட்டுரை எழுதும் மாணவனுக்கு நம் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே வாய்ப்புத்தான் கிட்டுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துகிறார். மாணவன் மதிப்பெண்ணை மட்டும் நோக்கிவிட்டு ஏட்டை மூடிவிடுகிறான். முழுவதையும் மீண்டும் எழுதச் சொன்னாலோ அது தண்டனையாகத் தோன்றுகிறது. கணினியிலுள்ள சொற்செயலி இவ்விடத்தில்தான் துணைபுரிகிறது. மூன்றாம் பத்தியை முதலில் வைத்துப் பார்க்கலாம். நீண்ட வாக்கியத்தைப் பிரிக்கலாம். மனத்திற்கு ஒவ்வாவிடில் பழையபடியே மாற்றிக்கொள்ளலாம். ஆசிரியரின் திருத்தங்கள் தனி நிறத்தில் தெரியுமாறு அமைக்கவும் வழியுண்டு.

தட்டச்சு முறையில் நாம் சற்றுக் கண்டிப்பாக இருத்தல் நன்று. ஆங்கில எழுத்துகளைத் தட்டி 'அம்மா' என வரவழைக்கும் வழக்கம் பரவியுள்ளது. அவசரக் கடிதத்திற்கு அது போதும். தமிழ் வகுப்பிற்குப் பொருந்தாது. தமிழக அரசு 1999இல் ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளைக் கொண்டே 247 எழுத்துகளையும் பெறலாம். ககரத்தை அடுத்து இகரத்தைத் தட்டினால் 'கி' தோன்றும். பகரத்தை இருமுறை தட்டினால் முன்னதன்மேல் புள்ளி தானே அமையும். உயிர்மெய்யின் பிறப்பை விரல்களே கற்றுக்கொள்கின்றன அன்றோ!

பிழைதிருத்தியை முற்றும் நம்பலாகாது. 'கலை', 'களை' இரண்டும் அகராதிச் சொற்களே. ஆதலால் சொல்லை மட்டும் ஒப்புநோக்கும் கருவி, கலைவிருந்து 'களை விருந்து' ஆனாலும் வாளாவிருக்கும். இத்தகைய பத்துப் பிழைகளை ஆசிரியரே ஒரு பத்தியில் இட்டுவைத்து, மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். கணினி ஒன்றே உள்ள பள்ளியிலும், திரையைச் சுற்றி அமர்த்தி நடத்தக்கூடிய பயிற்சி இது.