கட்டுப்பாட்டுப் பெட்டி நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பது?

ஓடை நீரில் மின்சாரம் எடுப்பது எமது மலையகத்துக்குப் புதிதல்ல. நுவரெலியா நகருக்கு மின்சாரம் தர 1912 இல் நானுஓயாவை அண்டிய பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. தேயிலைத் தோட்டங்கள் பலவும் தத்தம் ஓடைகளைக் கொண்டே தொழிற்சாலைகளை ஓட்டின. 1950 இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கிய பின், தேசிய மின்கம்பிகள் வர வர, அவற்றுள் பல கைவிடப்பட்டன. 1990களில் கிராம மக்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்து மீண்டும் இவ்வழியில் இறங்கினார்கள். இன்று பெரும்பாலான ஊர்களுக்குத் தேசிய மின்சாரம் வந்துவிட்டபோதும், சில சிறு நிலையங்கள் இன்னும் ஓடுகின்றன. இடம்பெயர்ந்து புதிய காணியில் குடியேறும் குடும்பங்களுக்கும், மின்கம்பி வரும்வரை, பக்கத்து ஓடை கைகொடுக்கக் கூடும்.

இந்நிலையங்களில் மின்சாரம் நின்றதும் பழி விழுவது கட்டுப்பாட்டுப் பெட்டியின் மேல். "சிப் செத்துவிட்டது" என்று சொல்லிப் புதிய பலகைக்குப் பணம் திரட்டுவார்கள். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மாற்றினால் புதியதும் பழுதாகும். சங்கத்தின் சேமிப்பும் கரையும்.

பெட்டி என்ன செய்கிறது?

ஓடை நீர் ஒரே அளவாக வருகிறது. வீடுகளின் தேவையோ கூடிக் குறைகிறது. இரவில் எல்லோரும் விளக்கை அணைத்தால் டர்பைன் வேகமெடுக்கும். மின்னழுத்தம் 230 வோல்ற்றைத் தாண்டி ஏறும். எரிந்துகொண்டிருக்கும் மின்குமிழும் தொலைக்காட்சியும் கருகிவிடும். இதைத் தடுக்கவே, மிகுதி மின்சாரத்தை நீர்த்தொட்டியில் அமிழ்த்திய சூடாக்கும் சுருளுக்குப் பெட்டி அனுப்பிவிடுகிறது. எவ்வளவு அனுப்புவது என்று தீர்மானிப்பது, பிற்காலப் பெட்டிகள் பலவற்றில், மைக்ரோகொன்ட்ரோலர் என்ற சிறிய சிப். அதற்குள் ஒரு வேலைத்திட்டம் எழுதப்பட்டிருக்கும்.

சிப் தானாகச் சாவது அரிது. பெரும்பாலும் அது பட்டினி கிடக்கும், அல்லது வேறொன்று அதைக் கொன்றிருக்கும். ஆகவே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன் தண்ணீரை மூடி டர்பைனை நிறுத்துங்கள். நின்ற பின்னும் மின்பிறப்பாக்கியோடு இணைந்த கொள்ளளவிகளில் உயிர்போக்கும் மின்சாரம் தேங்கி நிற்கலாம். பயிற்சி பெற்றவர் அதை இறக்கிய பின்னரே கைவைக்க வேண்டும்.

1. வெளியே பாருங்கள். இரண்டு மூன்று வீடுகளில் அயன் பெட்டியும் மின்கேத்தலும் ஒன்றாக ஓடினால் மின்னழுத்தம் சரிந்து எல்லாமே அணையும். சிப்புக்கும் மின்சாரம் போதாமற் போகும். இது பழுதல்ல, அளவுக்கு மீறிய பாவனை. தொட்டியில் நீர் வற்றினால் சுருள் எரிந்துவிடும். அப்போது பெட்டி சரியாக இருந்தாலும் மிகுதி மின்சாரம் போக இடமிராது.

2. பலகையைக் கண்ணால் பாருங்கள். சூட்டைத் தேடி எறும்பும் பல்லியும் உள்ளே புகும். எமது பனிமூட்டத்தில் ஈரம் படிந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். தலை வீங்கிய கொள்ளளவி, அதிர்வால் வெடித்த ஈய ஒட்டு, கருகிய இடம் உண்டா என்று கவனியுங்கள்.

3. சிப்புக்கு உணவு வருகிறதா? பல சிப்புகளுக்குத் தேவை 5 வோல்ற். இதை 7805 போன்ற மூன்று காலுள்ள உறுப்பு தருகிறது. பலகையை எல்லா இணைப்புகளிலிருந்தும் கழற்றி மேசையில் வைத்து, பியூஸ் ஒன்றைப் போட்டு, 12 வோல்ற் பற்றரியால் இந்த உறுப்பின் உள்வழிக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். வெளிவழியில் மல்டிமீற்றர் 5 வோல்ற் அளவில் காட்டி, அடையாள விளக்கும் மினுங்கினால், சிப் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. பழுதை வேறிடத்தில் தேடுங்கள். மின்னழுத்தம் குறைந்தால் அந்த உறுப்பையோ கொள்ளளவியையோ மாற்றுவது சிறு செலவு.

4. கடைசியாகச் சிப். உணவு சரியாக இருந்தும் சிப் மிகவும் சுட்டால் உள்ளே பழுதாகியிருக்கலாம். சுடாமலே அசைவின்றிக் கிடந்தால், அதற்குத் தாளம் தரும் படிகத்தை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்கும் புதுச் சிப் வெற்றுச் சிப். வேலைத்திட்டத்தை எழுதாமல் அது எதுவும் செய்யாது. ஆகவே பெட்டி வாங்கும் நாளிலேயே, எழுதப்பட்ட மாற்றுச் சிப் ஒன்றையும் வேலைத்திட்டத்தின் பிரதியையும் செய்தவரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். அவர் தொழிலை விட்டுவிட்டால் உங்கள் கையில் எதுவும் இராது.

5. கொன்றது எது? சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி அதிகம். நீண்ட மேல்நிலைக் கம்பி வழியே மின்னலின் வீச்சு பெட்டிக்குள் வரும். நிலத்தொடுப்புக் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால், அதைச் சீராக்காமல் புதுச் சிப்பைப் போடாதீர்கள். மின்னல் தடுப்பானையும் சோதியுங்கள்.

மின்நிலையக் கொட்டிலில் ஒரு கொப்பி தொங்கட்டும். நின்ற நாள், நேரம், அன்றைய காலநிலை, அளந்த வோல்ற், மாற்றிய உறுப்பு ஆகியவற்றை இயக்குநர் அதில் எழுதட்டும். மூன்று முறை இடிக்குப் பின்னரே நின்றது என்று கொப்பி காட்டினால், சங்கத்தின் பணம் புதிய பலகைக்கு அல்ல, நிலத்தொடுப்புக்குத்தான் போக வேண்டும்.