பழுதுற்று நின்ற வண்டியும் சட்டமும்

சக்கரம் வெடித்தமைக்காக ஒரு சாரதியைத் தண்டித்தல் நியாயமாகாது. ஆயினும், விரைவு வீதியில் அசைவற்று நிற்கும் வண்டி பின்வருவோர்க்குக் கூற்றுவனாய் அமைதல் கூடும். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றரைக் கடந்துவிடும் என்பதை எண்ணுக. எனவே, தற்செயலான துன்பம் எங்கே முடிகின்றது, தண்டிக்கத்தக்க கவலையீனம் எங்கே தொடங்குகின்றது என வகுப்பதே இத்துறைச் சட்டத்தின் கடினமான பணியாகும்.

ஜேர்மனியர் இவ்வெல்லையைத் தெளிவாக வரைந்துள்ளனர். ஓட்டோபான் எனப்படும் அவர்தம் விரைவு வீதிகளில், ஓரப்பாதையிலேனும் வண்டியை நிறுத்தல் ஆகாது. எதிர்பாராப் பழுதினால் நின்ற வண்டிக்கு இவ்விதி பொருந்தாது. பெற்றோல் தீர்ந்து நின்றதாயின் கதை வேறு; அளவுகாட்டியை ஒருமுறை நோக்கியிருப்பின் தவிர்த்திருக்கக் கூடியதன்றோ! நிறுத்தியமைக்குத் தண்டம் 30 யூரோ. மூன்று நிமிடம் கடந்தால் அது தரித்தல் எனக் கொள்ளப்பட்டு, தண்டம் 70 யூரோவாக உயர்வதுடன் குற்றப்புள்ளி ஒன்றும் பதியப்படும். பெற்றோலை எதிர்பார்த்து நிற்பவனுக்கு மூன்று நிமிடம் எம்மாத்திரம்? எட்டுப் புள்ளிகள் சேரின் அனுமதிப்பத்திரம் பறிபோகும். இது மிகையான கடுமையன்று என்பதே எமது கருத்து.

நின்ற வண்டியைப் பிறர் அறியச் செய்யும் முறையிலோ நாடுகள் ஒன்றுபடவில்லை. ஜேர்மனியில் எச்சரிக்கை விளக்குகளை உடனே ஒளிரச் செய்து, விரைவு வீதியாயின் ஏறத்தாழ 100 மீற்றர் பின்னே சிவப்பு முக்கோணத்தை வைத்தல் வேண்டும். பிரித்தானிய வீதி விதிக்கோவை, சாதாரண வீதிகளில் 45 மீற்றருக்குக் குறையாத தூரத்தில் முக்கோணத்தை வைக்குமாறு கூறுகின்றது. விரைவு வீதியிலோ அதனை ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்கின்றது. முக்கோணத்தைச் சுமந்து நடப்பவனே முதலில் மோதுண்டு இறத்தல் கூடும். அவன் தடுப்புவேலிக்கு அப்பால் ஒதுங்கி நிற்பதே தக்கது என்பது அவர்தம் நியாயம். பிறரைக் காக்கும் கடமைக்காக ஒருவன் தன்னுயிரை எவ்வளவு இடருக்கு உட்படுத்த வேண்டுமென்று சட்டம் கேட்கலாம் என்ற வினா இங்கே எழுகின்றது.

ஸ்பெயின் இவ்வினாவுக்குக் கருவியொன்றால் விடைகாண முற்பட்டது. 2026 ஜனவரி 1 முதல் அங்கு முக்கோணத்திற்குப் பதிலாக, வண்டியைவிட்டு இறங்காமலே கூரைமீது வைக்கத்தக்க மின்னும் விளக்கு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வளைவுக்கு அப்பால் நிற்கும் விளக்குத் தூரத்தே தெரியாதே எனின், அது தன் இருப்பிடத்தைப் போக்குவரத்து அதிகாரசபைக்குத் தானே அறிவிக்கும். அவ்வறிவிப்புச் சென்றெட்டாத பழைய வண்டியின் சாரதிக்கு, வளைவைத் திரும்பும்வரை எச்சரிக்கை ஏதுமில்லை.