கையே வலை, கழியே வயல்

உழவுத் தொழிலில் கணவனும் மனைவியும் சேர்ந்து பாடுபடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஏர் பிடிப்பவன் கணவன் என்றால், நாற்று நடுபவளும் களை பறிப்பவளும் மனைவியே. இத்தகைய கூட்டுழைப்பு நிலத்தில் மட்டும் நடைபெறுவதன்று; நீரிலும் நடைபெறுகிறது. சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில், படகும் வலையும் இன்றி வெறுங்கையால் இறால் பிடித்து வாழும் இருளர் குடும்பங்கள் உள்ளன. அத்தகைய இளந்தம்பதியர் ஒருவரின் ஒரு நாள் உழைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவர்கள் தொழிலின் தன்மையையும், அதைக் காப்பதில் பஞ்சாயத்துக்களுக்கும் விவசாயிகளுக்கும் உள்ள பொறுப்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நாள் உழைப்பு

இவர்களுடைய நாளைக் கடிகாரம் நிர்ணயிப்பதில்லை. கடலின் ஓதமே நிர்ணயிக்கிறது. கழியில் நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே ஒரு வாரம் விடியற்காலையில் இறங்கியவர்கள், அடுத்த வாரம் உச்சி வெயிலில் இறங்க வேண்டியிருக்கும். வீட்டுச் சமையலும் குழந்தையின் உறக்கமுங்கூட இந்த ஓதக் கணக்கிற்கு உட்பட்டே நடைபெறும்.

நீர் வற்றத் தொடங்கியதும் இருவரும் கழியில் இறங்குகின்றனர். ஆழம் குறைந்த இடத்தில் குனிந்தும் மண்டியிட்டும் நகர்ந்து, இரு கைகளாலும் அடிச்சேற்றைத் தடவிச் செல்கின்றனர். சேற்றில் ஒதுங்கியிருக்கும் இறால் விரலில் பட்டவுடன் பிடித்துவிட வேண்டும். கணநேரம் தாமதித்தாலும் அது துள்ளி மறைந்துவிடும். பிடித்த இறாலைப் போடுவதற்குப் பனையோலையால் முடைந்த பறி ஒன்று உண்டு. இரண்டு கைகளும் வேலையில் இருப்பதால், அந்தப் பறியைப் பற்களால் கவ்விக்கொண்டே வேலை செய்வது வழக்கம். இவ்வாறு பல மணி நேரம் நீரிலேயே கழிகிறது. உடைந்த கிளிஞ்சலும் கண்ணாடித் துண்டும் கை கால்களைக் கிழிப்பதுண்டு. ஆணுக்கு ஒரு வேலை, பெண்ணுக்கு ஒரு வேலை என்ற பிரிவினை இங்கு இல்லை. இருவரும் ஒரே சேற்றில் ஒரே வேலையைச் செய்கின்றனர்.

கரையேறியபின் இறாலை அன்றே விற்றாக வேண்டும். பனிக்கட்டி வசதி இல்லாதவர்கள் நல்ல விலைக்காகக் காத்திருக்க இயலாது. அறுவடைக் களத்திலேயே நெல்லை விற்க நேரும் சிறு விவசாயியின் நிலையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

கழிமுகம் விளைவது எவ்வாறு?

கழிமுகத்தை வெறும் சேற்று நிலம் எனக் கருதுவோர் பலர். அது தவறு. இறால் கடலில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் சுமார் இரண்டு மூன்று வாரங்களில் ஓதத்தோடு கழிமுகத்திற்குள் வருகின்றன. ஆற்று நன்னீரும் கடல் உப்புநீரும் கலந்த இந்த ஆழமற்ற நீரில், அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே, மட்கிய இலைகளையும் நுண்ணுயிர்களையும் உண்டு சில மாதங்கள் வளர்கின்றன. ஓரளவு பருத்தபின் மீண்டும் கடலுக்குச் சென்று இனம் பெருக்குகின்றன. எனவே கழிமுகம் இறாலுக்கு நாற்றங்கால் போன்றது. நாற்றங்கால் கெட்டால் நடவு வயலும் பாழாகும். ஆகையால், எண்ணூர்க் கழியில் நேரும் கேடு அங்குக் கை வைப்பவரை மட்டுமின்றிக் கடலில் வலை வீசுபவரையும் பாதிக்கும்.

நாற்றங்காலுக்கு மடை திறந்திருப்பது போலக் கழிமுகத்தின் வாய் திறந்திருக்க வேண்டும். நமது கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. ஆற்று நீர் போதிய வேகத்துடன் வந்தால் வாயிலடையும் மணலைக் கடலுக்குள் தள்ளிவிடும். நீர்வரத்து குறைந்தால் மணல் மேடிட்டு வாய் அடைபடும். கொசத்தலையாற்றின் குறுக்கே 1944ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னை மக்களின் தாகம் தீர்க்கும் பெரும்பணியைச் செய்து வருகிறது. ஆயினும் ஆற்றின் கடைசி மைலிலும் தண்ணீருக்கு வேலை உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. கடலில் சேரும் நீரெல்லாம் வீண் என்னும் எண்ணம் முழு உண்மையன்று.

சூழ்ந்துள்ள இடையூறுகள்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரை, துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் நெருங்கிய பகுதியாகும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. கழிமுகத்திற்கு வடக்கே வட சென்னை அனல்மின் நிலையம் இயங்கி வருகிறது. காமராசர் துறைமுகம் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. நாட்டிற்கு மின்சாரமும் வாணிபமும் தேவையே. ஆனால் நிலக்கரிச் சாம்பல் குழாய்க் கசிவுகளின் வழியே ஆற்றில் படிந்தபோது, கழியின் ஆழமும் குறைந்தது, அடிச்சேற்றின் இயல்பும் மாறியது. சாம்பல் இறுகிய தரையில் கையால் தடவி இறால் பிடிக்க இயலாது.

இதற்கு மேல் எண்ணெயின் கேடும் சேர்ந்தது. 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் பரவி வடசென்னைக் கரையில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்திலேயே படர்ந்தது. படகுள்ளவர் வேறு நீர்ப்பரப்பை நாடிச் செல்லக்கூடும். தம் கால் நடக்கும் தூரத்தையே தொழிற்களமாகக் கொண்டவர் எங்கே செல்வார்? மேலும், நீரின் மேற்பரப்பு தெளிந்த பின்னரும் சேற்றில் எண்ணெய் தங்கும். அந்தச் சேற்றில்தான் இவர்களுடைய கைகள் நாள் முழுதும் இருக்கின்றன.

ஏட்டில் இல்லாத உழைப்பு

விவசாயிகள் அடங்கல் கணக்கின் அருமையை அறிவர். பயிர் அழிந்தால் நிவாரணம் பெற அந்தக் கணக்கே சான்று. கணக்கில் பெயரில்லாத குத்தகைதாரரும் கூலித் தொழிலாளியும் அவ்வேளையில் படும் துன்பத்தையும் அறிவர். கழியில் கையால் இறால் பிடிப்பவர் நிலையும் இதுவே. படகு இருந்தால் பதிவு எண் உண்டு. வலை கிழிந்தால் விலை மதிப்பிடலாம். கைக்குப் பதிவு எண் ஏது? அந்தத் தம்பதியர் இழந்தது எத்தனை நாள் உழைப்பு என்பதை எந்த ஏட்டைப் பார்த்துச் சொல்வது? மனைவியின் உழைப்போ கணவனின் பெயருக்குள் மறைந்து, இருமடங்கு கணக்கில் வராமற் போகிறது.

பஞ்சாயத்துக்கள் செய்யத் தக்கவை

எண்ணூரும் திருவொற்றியூரும் 2011 முதல் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆனால் கழிமுகத்தின் வடபுறத்திலும் ஆற்றின் மேற்பகுதியிலும் ஊராட்சிகளே உள்ளன. அவற்றின் அங்கத்தினர்கள் பின்வரும் காரியங்களை மேற்கொள்ளலாம்.

முதலாவதாக, கையால் மீனும் இறாலும் பிடிப்போரின் பட்டியல் ஒன்றை வீடுவீடாகச் சென்று தயாரிக்க வேண்டும். அதில் கணவன் பெயரும் மனைவி பெயரும் தனித்தனியே இடம்பெற வேண்டும். எந்தக் கரையில், எந்தெந்த மாதங்களில் தொழில் நடைபெறுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். கேடு வந்தபின் எழுதும் பட்டியலைவிட, முன்பே எழுதிய பட்டியலுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவதாக, அப்பட்டியலைக் கிராம சபையில் படித்துத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். ஆண்டுதோறும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. இவற்றுள் உலகத் தண்ணீர் தினமாகிய மார்ச் 22 இப்பணிக்கு மிகவும் பொருத்தமானது.

மூன்றாவதாக, இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் கிடைக்கவும், தகுதியுள்ளோர் மீனவர் நல வாரியத்தில் பதிவு பெறவும் உதவ வேண்டும். நான்காவதாக, நீர்க்கரைக்குச் செல்லும் பாதைகள் வேலியாலும் குப்பையாலும் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதை அடைபட்டால் தொழிலே அடைபட்டதாகும்.

விவசாயப் பெருமக்களுக்கும் இதில் பங்குண்டு. வயலில் அளவுக்கு மிஞ்சித் தெளிக்கும் பூச்சிமருந்து மழைநீரோடு ஓடை, கால்வாய், ஆறு எனக் கடந்து கழிமுகத்தையே சேர்கிறது. இறாலும் பூச்சியைப் போலக் கணுக்காலுடைய உயிரினம். பூச்சியைக் கொல்லும் நஞ்சு இறால் குஞ்சையும் கொல்லும். தேவையறிந்து மருந்திடுவது விவசாயியின் செலவையும் குறைக்கும், கழியின் விளைவையும் காக்கும்.

எண்ணூருக்கு வெகுதூரத்தில் உள்ள ஊர்களிலும் ஏரியிலும் குளத்திலும் கையால் மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு முன்பாக, தங்கள் ஊரில் அத்தகையோர் எத்தனை பேர் என்பதை அங்கத்தினர்கள் விசாரித்தறிவார்களாக. பறியைப் பல்லில் கவ்வியிருப்பவர் தம் குறையை வாய்திறந்து கூற இயலாது. அவர்களுக்காக ஏட்டில் ஒரு வரி எழுதுவது நமது கடமையாகும்.