கராஜ் பில் நியாயமானதா? கடைசித் தொகையில் விடை இல்லை

பலெர்மோ நகருக்குள் குடியிருந்துகொண்டு மொண்டெல்லோவுக்கு வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் பலர். கடற்கரையோர மாளிகைகளில் வீட்டு வேலை, வயோதிபரைப் பராமரிக்கும் வேலை, உணவகச் சமையலறை என்று எதுவாக இருந்தாலும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஃபவோரிட்டா பூங்காவின் ஊடாக 806ஆம் இலக்க பஸ் ஓடுகிறதுதான். ஆனால் ஒரே நாளில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறவருக்கும், இரவு சமையலறை பூட்டிய பிறகு வீடு திரும்புகிறவருக்கும் பஸ்ஸை நம்பிச் சரிவராது. அவர்களுக்கு மொத்தோரினோ, அதாவது ஸ்கூட்டர், கைக்கருவி மாதிரி. அது நின்றால் சம்பளமும் நிற்கும்.

அப்படிப்பட்ட வண்டி கராஜுக்குப் போய்த் திரும்பும்போது கையில் தரப்படும் பில்தான் இன்றைய பேச்சு. "இருநூறு யூரோவாம். சரியா, பிழையா எண்டு ஆருக்குத் தெரியும்?" இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இத்தாலியில் இருக்காது.

இந்தக் கேள்விக்கு எங்களிடம் வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வீட்டில் வந்து புறுபுறுப்பது. மற்றது, "வெளிநாட்டுக்காரன் எண்டபடியால் ஏமாத்திறாங்கள்" என்று தீர்ப்பெழுதிவிட்டு அடுத்த கராஜைத் தேடுவது. இரண்டிலும் பில்லை யாரும் படிப்பதில்லை. கடைசித் தொகையை மட்டும் பார்த்து நியாயத்தை அளக்கவே முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது. வேலை தொடங்குமுன் என்ன பேசப்பட்டது, பில்லின் ஒவ்வொரு வரியிலும் என்ன எழுதப்பட்டிருக்கிறது, இந்த இரண்டிலும்தான் நியாயம் இருக்கிறது.

தெரியாதவர் கொடுக்கும் விலை

திருத்த வேலை மரக்கறி வாங்குவது போன்றதல்ல. தக்காளி அழுகியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். பெல்ட் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னால், அது உண்மையில் தேய்ந்ததா என்று மாற்றிய பிறகும் பலருக்குத் தெரியாது. மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற பொருளியலாளர்கள் 1973இல் எழுதிய கட்டுரையில் இத்தகைய சேவைகளுக்கு ஒரு தனிப் பெயரே வைத்தார்கள். தமிழில் 'நம்பிக்கைப் பண்டம்' எனலாம். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அது தேவைப்பட்டதா என்று வாங்கியவரால் உறுதியாகச் சொல்ல முடியாத பண்டம்.

அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்களுக்கு நன்றாகப் பொருந்தும். கார் கராஜுகளுக்குத் தொலைபேசியில் பேசி, ஒரே வேலைக்கு விலை கேட்க வைத்தார்கள். விலை பற்றி எதுவும் தெரியாதவராகப் பேசிய பெண்களுக்கு, அதேபோலப் பேசிய ஆண்களைவிடக் கூடிய விலை சொல்லப்பட்டது. ஆனால் "இந்த வேலைக்கு இவ்வளவு வரும் என்று கேள்விப்பட்டேன்" என்று ஒரு தொகையைச் சொல்லிக் கேட்டபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆண், பெண் என்று பாராமல், சந்தை விலையைவிடக் கூடிய தொகையைச் சொன்னவர்களுக்குக் கூடிய விலையே திரும்பி வந்தது.

அந்த ஆய்வு தமிழரைப் பற்றியதல்ல. ஆனால் தட்டுத்தடுமாறி இத்தாலி மொழி பேசும் ஒருவர் கராஜ் வாசலில் எப்படித் தெரிவார் என்று யோசித்துப் பாருங்கள். மெக்கானிக் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. எதிரில் நிற்பவர் கேள்வி கேட்க மாட்டார் என்று தெரிந்தால் விலை தானாகத் தளர்ந்து கொடுக்கும். ஆகவே இன்னும் இரண்டு கராஜில் விலை கேட்டுவிட்டு, சரியான ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போவதுதான் முதல் காவல்.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒழுங்கான பில்லில் மூன்று பகுதிகள் தெரிய வேண்டும். ரிகாம்பி என்ற உதிரிப்பாகங்கள், மனோதோப்பெரா என்ற கைக்கூலி, கடைசியில் ஈவா என்ற வரி. ஈவா 2013 அக்டோபரில் இருந்து 22 வீதம். பாகம் ஒறிஜினலா, வேறு கம்பனி செய்த சமமான பாகமா என்பதும் தெரிய வேண்டும். இரண்டும் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒன்றைப் போட்டு மற்றதன் விலையை எடுப்பது பிழை.

ஒரு கணக்குப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டும். ஸ்கூட்டரின் பெல்ட் 45 யூரோ, அதனோடு சேர்ந்த ரோலர்கள் 20 யூரோ, கைக்கூலி மணிக்கு 40 யூரோப்படி ஒன்றரை மணித்தியாலத்துக்கு 60 யூரோ. மொத்தம் 125. ஈவா 27.50 சேர்த்தால் 152.50 யூரோ.

இதே வேலைக்கு இன்னொரு பில் இப்படி வரலாம். பெல்ட் மாற்ற ஒன்றரை மணித்தியாலம் 60 யூரோ, ரோலர் மாற்ற இன்னொரு மணித்தியாலம் 40 யூரோ. பாகங்களின் விலை ஒன்றுதான். மொத்தம் 165, ஈவா 36.30, ஆக 201.30 யூரோ.

எங்கே பிழை? பெல்ட்டும் ரோலரும் ஒரே மூடிக்குள் இருக்கின்றன. பெல்ட்டை எடுக்க மூடியைக் கழற்றி, முன்பக்கப் புள்ளியைத் திறந்தால் ரோலர்கள் கைக்கு வந்துவிடும். ஒருமுறை கழற்றிய உழைப்புக்கு இரண்டுமுறை கூலி போடப்பட்டிருக்கிறது. அந்த 48.80 யூரோவைப் பற்றி நீங்கள் மரியாதையாகக் கேட்கலாம். கேட்க வேண்டும். பின் சக்கரத்தைக் கழற்றி ரயர் மாற்றும்போது பின் பிரேக்கையும் பார்ப்பது இதே வகைதான்.

மறுபக்கமும் உண்டு. பாகம் எதுவும் மாற்றாமல் "பிழை கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம்" என்று பில்லில் இருந்தால் எங்களுக்குக் கோபம் வரும். "ஒண்டும் செய்யேல்லை, காசு மட்டும் கேக்கிறான்." ஆனால் பெரும்பாலும் அந்த ஒரு மணித்தியாலந்தான் அந்தப் பில்லிலேயே பெறுமதியானது. ஸ்டார்ட் எடுக்காத வண்டிக்கு உடனே புதுப் பற்றரி போடுவது சுலபம். அளந்து பார்க்கிறவர் வேறு மாதிரி வேலை செய்வார். முழுதாகச் சார்ஜ் ஏறிய நல்ல 12 வோல்ட் பற்றரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். இயந்திரம் ஓடும்போது பொதுவாகப் 13.5க்கும் 14.5க்கும் இடையில் வரும். அந்த அளவு வராவிட்டால் பழுது சார்ஜ் ஏற்றும் பக்கத்தில் இருக்கலாம். அதைத் திருத்தாமல் புதுப் பற்றரி போட்டால் அதுவும் விழுந்துவிடும். மொண்டெல்லோ போன்ற இடத்தில் கடற்காற்றின் உப்பால் வயர் முனைகள் பூத்துப்போவதும் உண்டு. சில நேரம் துடைத்து இறுக்கினாலே போதும்.

அளந்து சொன்னவருக்குக் கூலி கொடுக்க நாங்கள் முகம் சுளித்தால், அளக்காமல் பாகம் மாற்றுகிறவரையே வளர்த்துவிடுகிறோம்.

ஊர்க் கணக்கும் இந்த ஊர்க் கணக்கும்

முதல் தலைமுறைக்குப் பில் கசப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்கள், பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதைப் பார்த்தவர்கள். பாகம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை எட்டாது. ஆகவே மெக்கானிக் ஒட்டினார், கடைந்தார், வேறொன்றின் பாகத்தை இதற்குப் பொருத்தினார். அங்கே சாமான் அருமை, உழைப்பு மலிவு.

இங்கே அது தலைகீழ். பாகம் நாளைக்கே வந்துவிடும். மெக்கானிக்கின் ஒரு மணித்தியாலம்தான் விலை. அந்த மணிக்கூலிக்குள் கராஜ் வாடகை, காப்புறுதி, சமூகப் பாதுகாப்புக் கட்டணம், பழைய ஒயிலையும் பற்றரியையும் முறைப்படி அகற்றும் செலவு எல்லாம் அடக்கம். "இவனுக்குத் திருத்தத் தெரியாது, மாத்தத்தான் தெரியும்" என்று அப்பா சொல்வதில் ஊரின் நினைவு இருக்கிறது. ஆனால் ஒரு சின்னப் பாகத்தைத் திறந்து திருத்த இரண்டு மணித்தியாலம் எடுத்தால், புதிதை மாற்றுவது உங்களுக்கே லாபம். மாற்றியது ஏமாற்று என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எது மலிவு என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பில் இல்லாத மலிவு

"ஃபத்தூரா வேண்டாமெண்டால் குறைச்சுத் தாறன்." இந்தச் சலுகை எங்களில் பலருக்கு இனிக்கிறது. 22 வீதம் மிச்சம்தானே. வரி ஏய்ப்பு என்பதை ஒருபக்கம் வைத்தாலும், நீங்கள் அங்கே விற்பது உங்கள் சாட்சியத்தை. இத்தாலியின் சிவில் சட்டக்கோவை, 2226ஆம் பிரிவில், செய்த வேலையில் பின்னர் வெளிப்படும் குறைக்கு உங்களுக்கு உரிமை தருகிறது. குறையைக் கண்ட நாளில் இருந்து 8 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வண்டியைக் கையளித்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். ஆனால் அந்த மெக்கானிக்தான் அந்த வேலையைச் செய்தார் என்று எதைக் காட்டுவீர்கள்? இரண்டு கிழமையில் பிரேக் வேலை செய்யாவிட்டால், மிச்சம் பிடித்த முப்பது யூரோ உங்களுக்காகப் பேசாது.

காசாகத்தான் வேண்டும் என்று சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கார்ட்டால் செலுத்துவதை மறுக்கும் வியாபாரிக்கு 2022 ஜூன் 30இல் இருந்து தண்டம் உண்டு. கார்ட்டால் கொடுத்த காசுக்கு வங்கியிலேயே தடயம் இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால், பதிவில்லாமல் திருத்திக் கொடுக்கும் எங்கட ஆட்களும் இருக்கிறார்கள். திறமையானவர்கள்தான். ஆனால் 1992ஆம் ஆண்டின் 122ஆம் இலக்கச் சட்டத்தின்படி திருத்த வேலையைப் பதிவுள்ள கராஜ்தான் செய்ய வேண்டும். ஒயில் மாற்றுவது போன்ற சின்னப் பராமரிப்பு வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறினால் வண்டிச் சொந்தக்காரருக்கும் தண்டம் வரலாம்.

சண்டை வந்தால்

பில் கூடிவிட்டது என்று காசு கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வர முடியாது. கூலி கிடைக்கும்வரை வண்டியைத் தடுத்து வைக்கும் உரிமையை அதே சட்டக்கோவையின் 2756ஆம் பிரிவு மெக்கானிக்குக் கொடுக்கிறது. நாளைக்கு விடிய வேலைக்குப் போக வேண்டியவர் அங்கே தோற்றுப்போவார். அப்படியான இடத்தில் காசைக் கொடுத்து, உங்களுக்கு உடன்பாடில்லை என்பதைக் குறிக்கும் "கொன் ரிசேர்வா" என்ற சொற்களைப் பில்லின் பிரதியில் எழுதி, வண்டியை எடுத்துவிட்டுப் பிறகு முறைப்பாடு செய்வதே புத்தி. அடிகொன்சும், ஃபெடர்கொன்சுமாத்தோரி போன்ற நுகர்வோர் சங்கங்கள் இதற்கு உதவும். 1,100 யூரோ வரையான பிணக்கை சமாதான நீதிபதியிடம் சட்டத்தரணி இல்லாமலே கொண்டு போகலாம்.

ஆனால் இந்த அளவுக்குப் போகாமல் இருப்பதற்கான வழி வேலைக்கு முன்னரே இருக்கிறது. ப்ரெவென்டிவோ, அதாவது என்ன வேலை, எவ்வளவு செலவு என்ற மதிப்பீடு. அதை எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். "ஈவா கொம்ப்ரேசா?" என்று கேளுங்கள், வரி சேர்த்தா என்பது தெரியும். கூடுதல் வேலை வந்தால் செய்யுமுன் அழைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையான மெக்கானிக் இந்த நான்கிலும் ஒன்றுக்கும் கோபிக்க மாட்டார். ஒருவர் கோபித்தால், பில் வருவதற்கு முன்னரே உங்களுக்கு ஒரு விடை கிடைத்துவிட்டது.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

இங்கே பிறந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் கராஜில் அப்பா அம்மாவுக்காகக் கதைக்கிறார்கள். வங்கி, வைத்தியசாலை, நகரசபை என்று எல்லா இடமும் மொழிபெயர்த்துக் களைத்த பிள்ளைகள். கராஜில் அவர்களுக்கு வெட்கமும் வரும். அப்பா விலை பேசுவது அவமானமாகத் தெரியும். அதனால் "பப்பா, காசைக் குடுங்கோ, போவம்" என்று முடித்துவிடுவார்கள். அப்பாவுக்குப் போய்ச் சேர்வது ஒரு தொகை மட்டும். காரணம் வழியிலேயே தொலைந்துவிடுகிறது.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு மொழி இருக்கிறது. அப்பாவிடம் வண்டியைப் பற்றிய அறிவு இருக்கிறது. எந்தச் சத்தம் எப்போது தொடங்கியது என்று அவருக்குத்தான் தெரியும். பில்லை வீட்டு மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியையும் அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். "இதுக்கேன் ஒரு மணித்தியாலம்?" என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வியை மெக்கானிக்கிடம் அப்படியே கொண்டு போங்கள். கேட்பது அவமானம் இல்லை. பதில் சரியாக வந்தால் சந்தோசமாகக் கொடுங்கள், அடுத்த முறையும் அங்கேயே போங்கள், நாலு பேருக்கும் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு விளம்பரம் நாங்கள்தான்.