பற்களின் வரவு செலவு

காலையில் கண் விழித்ததும் ஒரு தேநீர். அலுவலகம் சேர்ந்ததும் மற்றொன்று. பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட்டுகளுடன் ஒன்று. மதிய உணவுக்குப் பின், மாலையில், வீடு திரும்பியபின் என நாளொன்றுக்கு ஆறு கோப்பைகள் அருந்துவோர் நம் நாட்டில் ஏராளம். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, தேக்கரண்டிக்கு 4 கிராம் எனக் கணக்கிட்டால், தேநீரில் மட்டும் 48 கிராம் சர்க்கரை சேர்கிறது. அன்றாட உணவின் மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இத்தகைய சர்க்கரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு வலியுறுத்தியது. 2,000 கலோரி உண்பவருக்கு அது 50 கிராம். அதனைப் பாதியாகக் குறைப்பது மேலும் நன்று என்பதும் அந்நிறுவனத்தின் கருத்து.

ஆயினும் பற்களைப் பொறுத்தவரை, எவ்வளவு உண்கிறோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை உண்கிறோம் என்பதே முதன்மையான கேள்வியாகும்.

அமிலம் பிறக்கும் விதம்

பல்லின் மேலுறையான எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளே. பல்லின் மீது படியும் மெல்லிய படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள், நாம் உண்ணும் சர்க்கரையை உணவாகக் கொண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. வாயின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது, எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. இனிப்பை உண்ட சில நிமிடங்களிலேயே இது நிகழ்ந்துவிடுகிறது. பின்னர் உமிழ்நீர் சிறிது சிறிதாக அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களை மீண்டும் பல்லில் சேர்க்கிறது. வாய் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகலாம்.

இது ஒரு வங்கிக் கணக்கைப் போன்றது. ஒவ்வொரு இனிப்பும் ஓர் எடுப்பு. உமிழ்நீர் செய்வது வரவு. உணவு வேளைகளுக்கு இடையே போதிய இடைவெளி இருந்தால் கணக்கு நேராகும். ஆறு முறை இனித்த தேநீர் அருந்துபவரின் பற்களோ, நாளில் மூன்று முதல் ஆறு மணி நேரம் வரை அமிலத்தின் பாதிப்பில் இருக்கின்றன. தொடக்கத்தில் தோன்றும் வெண்புள்ளியைச் சரிசெய்ய இயலும். குழி விழுந்தபின் எனாமல் தானாக வளர்வதில்லை. அதனை உருவாக்கும் உயிரணுக்கள், பல் முளைத்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன.

1940களில் ஸ்வீடன் நாட்டின் விப்பேஹோல்ம் காப்பகத்தில் நடந்த ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. உணவோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சிறிதளவே கூடியது. உணவு வேளைகளுக்கு இடையே ஒட்டும் மிட்டாய்களைத் தின்றவர்களுக்கோ பெருமளவில் கூடியது. மனவளர்ச்சி குன்றியோரை அவர்தம் இசைவின்றிப் பயன்படுத்திய அந்த ஆய்வு, அறநெறிப்படி இன்று கண்டிக்கப்படுகிறது. எனினும் அதன் முடிவு பல் மருத்துவத்தின் அடிப்படைப் பாடமாக நிலைத்துவிட்டது.

நல்லவை எனக் கருதப்படுபவை

வெல்லம், தேன், கருப்பட்டி ஆகியவை சர்க்கரையினும் நல்லவை எனப் பலர் எண்ணுகின்றனர். பல்லில் உள்ள பாக்டீரியாக்களுக்கு இவற்றுக்கிடையே பெரிய வேற்றுமை இல்லை. கடலைமிட்டாய், பேரீச்சை போன்றவை பல்லிடுக்கில் ஒட்டி நெடுநேரம் தங்குகின்றன. இனிப்பே இல்லாத பிஸ்கட்டும் உருளைக்கிழங்கு வறுவலும்கூட மாவாகிப் பல்லின் பள்ளங்களில் படிந்து, உமிழ்நீரால் சர்க்கரையாக மாற்றப்படுகின்றன.

குளிர்பானங்கள் இருமடங்கு தீங்கு செய்பவை. கோலா வகைப் பானங்களின் பி.எச். அளவு சுமார் 2.5, அந்த அமிலம் பாக்டீரியாவின் உதவியின்றியே எனாமலை அரிக்கிறது. எனவே, சர்க்கரையில்லா வகையும் பல்லுக்கு முற்றிலும் பாதுகாப்பானதன்று. எலுமிச்சைச் சாற்றையும் நாளெல்லாம் சிறுகச் சிறுகப் பருகுவது நன்றன்று. புளிப்பான பானத்தை அருந்தியவுடன் பல் துலக்கினால், மென்மையடைந்த எனாமல் தேய்ந்துபோகும். வாயை நீரால் கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்துத் துலக்குவதே முறை.

இரவில் கூடுதல் கவனம்

உறங்கும்போது உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் விரைவில் சொத்தையாகின்றன. விழுந்து முளைக்கும் பற்கள்தாமே என்று பால் பற்களைப் புறக்கணித்தல் தவறு. அவை காலத்துக்கு முன் விழுந்தால், பின்னர் முளைக்கும் நிலைப் பற்கள் இடம் மாறி வளரக்கூடும். இரவு துலக்கியபின் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதை வீட்டின் வழக்கமாக்கிக் கொள்ளலாம்.

எளிய மாற்றங்கள்

ஆறு கோப்பைத் தேநீரை மூன்றாக்கலாம். அல்லது இரண்டை மட்டும் இனிப்புடன் வைத்துக்கொண்டு, ஏனையவற்றைச் சர்க்கரையின்றி அருந்தலாம். இனிப்பு உண்ண விரும்பினால் உணவோடு சேர்த்து ஒரே முறையில் உண்டுவிடுதல் நன்று. இடைவேளைப் பசிக்கு வறுத்த நிலக்கடலை, சுண்டல், பன்னீர், வெள்ளரி ஆகியவை ஏற்றவை. உணவுக்குப் பின் சர்க்கரை பூசிய சோம்புக்கு மாற்றாக வெறும் சோம்பை மென்றால், வாய் மணப்பதோடு உமிழ்நீரும் சுரக்கும். கொட்டைப்பாக்கை, புகையிலை சேர்ந்ததாயினும் சேராததாயினும், அறவே தவிர்த்தல் வேண்டும். பாக்குத் தனித்தே புற்றுநோய்க் காரணி என 2004ஆம் ஆண்டு வகைப்படுத்தப்பட்டுள்ளது.

புளோரைடு கலந்த பற்பசை எனாமலுக்கு வலுவூட்டும். ஆனால் தெலங்கானாவின் நல்கொண்டா, தமிழகத்தின் தருமபுரி போன்ற மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே அது மிகுந்து, பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் ஊனமும் விளைவித்துள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பதே இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்கத்தக்க அளவு. ஆழ்துளைக் கிணற்று நீரை அருந்துவோர் அதனைச் சோதித்தறிதல் நலம்.

வேர் சிகிச்சை, செயற்கைப் பல் போன்றவற்றுக்கான செலவைப் பல மருத்துவக் காப்பீடுகள் ஏற்பதில்லை. அச்செலவு பெரும்பாலும் நம் சேமிப்பிலிருந்தே செல்கிறது. மதிய உணவு முடிந்ததும் ஒரு குவளை நீரால் வாய் கொப்பளித்து, மாலை வரை வாய்க்கு ஓய்வு கொடுப்போம். செலவே இல்லாத இச்சேமிப்பை இன்றே தொடங்கலாம்.