ஒரே 3டி மாடல், பல கைகள்: பிரவுசரிலேயே டிசைன் செய்வது எப்படி?

ஏர்பஸ் ஏ380 விமானம் தாமதமாக ஒரு முக்கியக் காரணம் என்ன தெரியுமா? சாஃப்ட்வேர் வெர்ஷன்! ஹாம்பர்க் குழு கேட்டியா 4-லும், துலூஸ் குழு கேட்டியா 5-லும் டிசைன் செய்தன. விமானத்தில் பொருத்தும்போது ஒயர்களின் நீளம் போதவில்லை. டெலிவரி தள்ளிப்போவதாக 2006-ல் ஏர்பஸ் அறிவித்தது.

இந்த மாதிரி வெர்ஷன் குழப்பத்துக்குத் தீர்வாக வந்தவைதான் பிரவுசரில் இயங்கும் டிசைன் தளங்கள். சாலிட்வொர்க்ஸை உருவாக்கிய ஜான் ஹிர்ஷ்டிக் தொடங்கிய 'ஆன்ஷேப்' அதில் ஒன்று. இங்கே மெயிலில் ஃபைல் அனுப்பும் வேலையே இல்லை. மாடல் சர்வரில் இருக்கும்; கூகுள் டாக்ஸ் மாதிரி பலர் ஒரே நேரத்தில் திருத்தலாம். யார் எதை மாற்றினார் என்பதும் பதிவாகும். தப்பு நடந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஆனால், ஒரு விஷயத்தில் உஷார்! ஆன்ஷேப் இலவசக் கணக்கில் செய்யும் டிசைனை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காப்பியும் எடுக்கலாம். ஏற்கெனவே வெளியான கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்குவது கஷ்டம். புது ஐடியா கையில் இருந்தால், முதலில் விண்ணப்பம் போடுங்க. அப்புறம் அப்லோடு பண்ணுங்க.